குடியை நிறுத்தப் போகிறீர்களா? இதைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்

(பண்ணை வானொலி நிகழ்ச்சியில் டெல்டா விவசாயி ஒருவர் ஆற்றிய உரை)



நம் தஞ்சைச் சீமையில் ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே ஒரு பெயர் உண்டு. 1960-களில் திருச்சி வானொலி எடுத்துச் சொல்லித்தான் நம் பெரியவர்கள் அந்த நெல்லைத் துணிந்து விதைத்தார்கள். அதனால் வந்த பெயர் அது. வானொலியில் சொன்னால் வரப்பு வரைக்கும் போய்ச் சேரும் என்ற அந்த நம்பிக்கையில்தான் நானும் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஆனால் விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ அல்ல. குடியைப் பற்றி.

"ஆரம்பிச்சுட்டாருய்யா உபதேசத்தை" என்று பெட்டியை அணைத்துவிடாதீர்கள். குடி குடியைக் கெடுக்கும் என்பது பாட்டில் மூடியைத் திருகுகிறவனுக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. குடிக்கிறவர் நிறுத்த நினைக்கும்போது என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதுதான் விஷயம். இது எனக்குத் தெரியாமல் போனதால் என் கூடப்பிறந்த தம்பியை இழந்தேன்.

நான் டாக்டர் இல்லை. நாலு ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் சாதாரண விவசாயி. தம்பி போன பிறகு எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்து கொஞ்சம் பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அப்படிப் போன இடத்தில் டாக்டர்களும் நர்சம்மாக்களும் சொல்லித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

2011-ஆம் வருஷம். என் தம்பிக்கு அப்போது 38 வயது. நல்ல உழைப்பாளி. ஆனால் காலையில் ஒரு குவார்ட்டர் போட்டால்தான் மண்வெட்டி பிடிக்கிற கை நடுங்காமல் நிற்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டான். கார்த்திகை முதல் தேதி, அம்மா அழுத அழுகையைப் பார்த்துவிட்டு ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டான். "அண்ணே, இன்னையோட விட்டேன். சாமி மேல சத்தியம்" என்றான். வீடே சந்தோஷப்பட்டது.

மறுநாள் உடம்பெல்லாம் வேர்த்தது, கை உதறியது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. "விட்ட புதுசுல அப்படித்தான் இருக்கும், தாங்கிக்கடா" என்று நான்தான் தைரியம் சொன்னேன். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் தம்பி சம்சாரம் ஓடி வந்தது. "மாமா, சுவத்துல பூச்சி ஊருதுன்னு கையால தட்டித் தட்டி விடறாரு. என்னை யாருன்னு கேக்கறாரு" என்று சொல்லி அழுதது. சுவரில் ஒரு பூச்சியும் இல்லை. சாமி குற்றம் என்றார் ஒருவர், காத்து கருப்பு என்றார் இன்னொருவர். கோடாங்கியைக் கூட்டி வந்தோம். துள்ளுகிறான் என்று கட்டிலோடு சேர்த்துக் கட்டினோம். விடிகிற நேரத்தில் வலிப்பு வந்தது. கையில் சாவியைக் கொடுத்தோம். இரண்டாவது வலிப்புக்குப் பிறகுதான் வண்டி பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ குடிச்சார்?" நான், "குடிச்சு மூணு நாளாச்சுங்க ஐயா, மாலை போட்டிருக்கான்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அப்படின்னா மூணு நாளைக்கு முன்னாடியே இங்க வந்திருக்கணும்" என்றார். அன்று சாயங்காலம் தம்பி போய்விட்டான்.

டாக்டர் பிறகு விளக்கிச் சொன்னார். மதுவுக்கு மூளையை அமுக்கி மந்தமாக்குகிற குணம் உண்டு. தினமும் அமுக்க அமுக்க, மூளையும் எதிர்த்து முண்டிக்கொண்டு வேலை செய்யப் பழகிவிடுகிறது. திடீரென்று மது நின்றால், முண்டுகிற வேகம் மட்டும் தனியாக நிற்கிறது. மேட்டுக்காட்டில் கவலை ஏற்றம் இறைத்த பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மாடு முழுப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்போது வடம் அறுந்தால் என்ன ஆகும்? மாடு குப்புறப் பாய்ந்து விழும். அதே கதைதான் இங்கேயும்.

கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வேர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் காதில் குரல் கேட்பதும் வரலாம். இந்தக் கடைசி நிலை உயிருக்கே ஆபத்து. பேயும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. மருந்தால் தடுக்கக் கூடிய நோய் இது.

குடிக்கிற எல்லாருக்கும் இது வராது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் குடிக்கிறவர் வீட்டிலிருந்தபடியே நிறுத்திக்கொள்ளலாம். தினம் நிறையக் குடிக்கிறவர், விடிந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்பவர், முன்னே ஒரு தடவை நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர், இந்த மூன்று வகைக்காரர்களும் டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மாலை போடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்காரர்களும் வீம்பு பண்ணி அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது, வாயில் கரண்டி திணிப்பது எல்லாம் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள்.

சரி, எங்கே போவது? இதைத்தான் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். வழி பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே டாக்டரிடம் மறைக்காமல், எத்தனை வருஷமாக, தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததா என்ற நாலு விவரத்தையும் சொல்லுங்கள். நிலத்தில் பயிர் வாடினால் எந்த ரகம், என்ன உரம், என்றைக்கு நட்டது என்று விரிவாக்க அலுவலரிடம் ஒளிக்காமல் சொல்கிறோம் இல்லையா? அதுபோலத்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் அவரே எழுதிக் கொடுப்பார்.

அடுத்தது மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. "மனநலமா? என் புருஷன் பைத்தியமா?" என்று ஒரு தாய் என்னிடம் சண்டைக்கு வந்தார். இல்லை அம்மா, குடிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் அந்தப் பிரிவில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். 2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளிலேயே தொடங்கியது. உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

போனில் கேட்க வேண்டுமானால் சில எண்களைச் சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. போதைப் பழக்கத்திலிருந்து விடுபட தேசிய இலவச எண் 14446. மன வேதனை, தற்கொலை எண்ணம் இவற்றுக்கு 14416. குடித்துவிட்டு அடிக்கிறான் என்கிற பெண்களுக்கு 181. அவசர வண்டிக்கு 108. இந்த எண்களைக் காலண்டர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்ன செய்வார்கள்? நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க மாத்திரை கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். குடிக்கிறவர் உடம்பில் பி1 வைட்டமின் வறண்டு போயிருக்கும், அதற்கு ஊசி போடுவார்கள். உடம்பு தெளிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசு இல்லை. ஆசையை அடக்க வேறு மாத்திரைகள் உண்டு. அதற்குப் பிறகு பேசிப் பேசி மனதைத் திடப்படுத்துகிற வைத்தியம். உடம்பு தெளிவது உழவு ஓட்டிய மாதிரிதான். மனது திடமாவதுதான் சாகுபடி. பத்து நாளில் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு, முக்கியமாகக் கஞ்சா, ஊசி, மாத்திரை பழக்கம் உள்ள பையன்களைப் பெற்றவர்கள். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது வைத்தியர் கடமை. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறு அளவு வைத்திருந்ததாக வழக்கில் சிக்கியவர்கூட, போதைக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குக் கேட்க அது இடம் கொடுக்கிறது. பயந்து ஒளித்து வைத்துப் பிள்ளையைப் பறிகொடுக்க வேண்டாம்.

தனியார் மறுவாழ்வு இல்லங்களில் நல்லவையும் உண்டு. சில இடங்களில் வேனில் ஆட்கள் வந்து கட்டித் தூக்கிப் போய், அடித்து, வீட்டாரைப் பார்க்க விடாமல் வைத்திருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்ததை நாம் மறக்கக் கூடாது. சங்கிலி போடுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? டாக்டர் தினமும் வருகிறாரா? வீட்டார் பார்க்கலாமா, பேசலாமா? பணத்துக்கு ரசீது உண்டா? சமையல் கட்டையும் கக்கூசையும் காட்டுகிறார்களா? மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மனுஷனை ஒப்படைக்கும்போது இவ்வளவாவது பார்க்க வேண்டாமா?

ஊரே சேர்ந்து செய்யக் கூடிய காரியமும் உண்டு. சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு, 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் 1989-இல் நம் குடவாசல் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கே வந்து சிகிச்சை முகாம் நடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு மனுஷன் போகாமல், ஊருக்கு வைத்தியம் வந்தது. இரண்டு வாரம் போல அங்கேயே தங்க வைத்து மருந்து, சாப்பாடு, பேச்சு எல்லாம் கொடுத்து, பிறகும் வந்து விசாரித்தார்கள். நம் பஞ்சாயத்தார் கூடி ஒரு பள்ளிக்கூடத்தையோ கல்யாண மண்டபத்தையோ ஒதுக்கிக் கொடுத்து, மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்களை அழைத்தால் நம் ஊரிலும் பேச்சையாவது தொடங்கலாம்.

இன்னொன்று, குடியை விட்டவர்களே கூடிப் பேசுகிற ஏ.ஏ. கூட்டங்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நின்று தொடங்கியது. இன்றைக்குத் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கிறது. கட்டணம் இல்லை, பெயரை வெளியே சொல்வதில்லை.

இனி, செய்யக் கூடாத காரியம் ஒன்று. குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாம்பாரிலும் காப்பியிலும் பொடி கலந்து கொடுக்கிறீர்கள். "ஒரே வாரத்தில் குடி மறக்கும்" என்று பஸ் ஸ்டாண்டில் விற்பார்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், அதைச் சாப்பிட்டவர் குடித்த உடனே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சாகவும் நேரலாம். அந்த மருந்து டாக்டர் கொடுப்பதுதான். ஆனால் சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேகம் இருக்கும். தாலியைக் காப்பாற்ற நினைத்துத் தாலிக்கே வினை தேடிக்கொள்ளாதீர்கள் தாய்மார்களே.

அடுத்து விஷச் சாராயம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிரைக் கொண்டு போனது. அதில் பெண்களும் உண்டு. சாராயத்தில் இருந்தது மெத்தனால், பெயிண்டுக் கரைப்பான்களில் சேர்கிற ஆலைச் சரக்கு. நிறத்தாலும் மணத்தாலும் சாதாரணச் சாராயத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. பற்ற வைத்துப் பார்ப்பதாலும் தெரியாது.

இதில் பெரிய மோசம் என்னவென்றால், குடித்த அன்றைக்குச் சாதாரணப் போதை மாதிரியே இருக்கும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் உடம்புக்குள் அது வேறு விஷமாக மாறி வேலையைக் காட்டும். வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண்ணில் பனிமூட்டம் போட்டது போல மங்கல். பார்வை நரம்பையே அது பிடிக்கிறது. போதை தெளியவில்லை என்று மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துப் படுக்க வைத்தால் உயிரோ கண்ணோ போய்விடும். சரக்கில் சந்தேகம் வந்தால், அதே சரக்கைக் குடித்த எல்லாரும், நன்றாக இருக்கிறவர்களும் சேர்த்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின் இருக்கிறது. முன்னால் போனவர் பிழைக்கிறார். கள்ளச் சாராயம் விற்பதைத் தெரிவிக்க 10581 என்ற இலவச எண் உண்டு.

இப்போது நம் வயல் காரியம். மருந்து அடித்துவிட்டு வந்து "ஒரு கட்டிங் போட்டா மருந்து வாடை போயிடும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போகாது. மருந்து அடித்தவர் தள்ளாடினால், குடித்திருக்கிறார் என்று சும்மா விட்டுவிடுகிற ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். வேர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் ஒழுகி, கண் பாப்பா சுருங்கியிருந்தால் அது பூச்சிமருந்து விஷமாக இருக்கலாம். உடனே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குடித்துவிட்டு ராத்திரி பம்புசெட் போடப் போகாதீர்கள், கதிரடிக்கிற மிஷினில் கை வைக்காதீர்கள், டிராக்டரில் ஏறாதீர்கள்.

பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பெட்டியில் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். குடித்தவன் மனது அந்த நேரத்தில் அவனுடையது அல்ல. ஒரு சண்டை, ஒரு கோபம், எட்டினால் கிடைக்கிற டப்பா, இப்படித்தான் எத்தனையோ வீடு இருண்டிருக்கிறது. அந்த அரை மணி நேரம் பூட்டு காப்பாற்றும்.

மல்லாந்து கிடக்கும் குடிகாரரைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். வாந்தி மூச்சுக் குழாயில் போய்ச் செத்தவர்கள் உண்டு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். குடியோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் இது சீக்கிரம் வரும். இளவட்டங்கள் கடுமையான வலிக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதிலும் இதே ஆபத்துதான். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் எய்ட்ஸ் கிருமியும் ஈரல் நோய்க் கிருமியும் வேறு. "அடிப்பாங்க" என்று பயந்து கூட்டாளிகள் ஓடிவிடுவதால்தான் அந்தப் பையன்கள் சாகிறார்கள். "தம்பி, யாரும் அடிக்க மாட்டோம், சொல்லு" என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. விட்டவர் திரும்பக் குடித்துவிட்டால், "எல்லாம் வீண்" என்று தலையில் கை வைக்காதீர்கள். முதல் களை எடுத்தோம், மறுபடி முளைத்தது என்று யாராவது பயிரை அழித்து விடுகிறோமா? இரண்டாம் களை எடுக்கிறோம். நான் கூட்டிப் போனவர்களில் ஒருவர் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்றாவது தடவைதான் நின்றது. இன்றைக்கு என் வயலில் அவர்தான் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி கடைசியில், மாலை போடுவதற்கு முன்னாலேயே, எங்கள் ஊர்க் குருசாமியும் நானும் வீடு வீடாகப் போகிறோம். மாலை கேட்டு வருகிறவர்களிடம் குருசாமி இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்: "கடைசியா எப்போ குடிச்சே? தினம் குடிக்கிற ஆளா?" ஆமாம் என்றால், "முதல்ல அண்ணனோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா, மாலை எங்கேயும் போயிடாது" என்று அனுப்புகிறார். என் தம்பிக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. உங்கள் ஊரில் இதைச் சொல்கிற ஆளாக நீங்கள் இருங்கள்.